சிலிண்டர் ஹெட் மாற்றும்போது கம்ப்ரெஷன் விகிதத்தைக் கணக்கிடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கடலூர், புதுச்சேரி கரையோரத்தில் பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் ஹெட்டைக் கழற்ற வேண்டிய நிலைக்கு வருவதற்குத் தண்ணீர் ஒரு முக்கியமான காரணம். கூலன்ட் இருக்க வேண்டிய ரேடியேட்டரில் உப்பேறிய போர்த் தண்ணீரை ஊற்றி ஓட்டினால், அலுமினிய ஹெட்டின் தண்ணீர்த் துளைகளைச் சுற்றி உலோகம் அரித்துக் குழி விழுகிறது. அந்தக் குழி, ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையே உள்ள கேஸ்கெட்டின் வளையம் வரை எட்டியதும் தண்ணீர் கசிந்து, இன்ஜின் சூடேறி, ஹெட் வளைந்துவிடுகிறது. அதன்பின் இரண்டு வழிகள்தான் உண்டு. பழைய ஹெட்டை வெல்டிங் வைத்து ஃபேஸிங் போடலாம், அதாவது அதன் முகத்தைச் சமமாகச் சீவலாம். இல்லையென்றால் சென்னை புதுப்பேட்டைக்கோ உள்ளூர்க் கடைக்கோ போய்ப் பழைய ஹெட் ஒன்றை வாங்கி வரலாம்.

இரண்டில் எதைச் செய்தாலும் இன்ஜினின் கம்ப்ரெஷன் விகிதம் மாறும். எவ்வளவு மாறும் என்பதை அளந்து கணக்கிட முடியும். அதற்கு ஓர் அரை நாள் வேலை போதும். ஆனால் நம் ஊர்ப் பட்டறைகளில் ஹெட் நேராக லேத்துக்குப் போய்விடுகிறது, ஃபேஸிங் முடிந்த பிறகுதான் கணக்கைப் பற்றிய பேச்சே வருகிறது. சீவி எடுத்த உலோகம் திரும்ப வராது என்பதால் இந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. முதலில் அளவு, அடுத்து கணக்கு, அதற்கும் பிறகுதான் ஃபேஸிங்.

கணக்கின் அடிப்படை

பிஸ்டன் கீழ் முனையில் நிற்கும்போது அதற்கு மேலே உள்ள மொத்தக் கொள்ளளவை, அது மேல் முனைக்கு வந்தபின் மிஞ்சும் கொள்ளளவால் வகுத்தால் கிடைப்பது கம்ப்ரெஷன் விகிதம்.

விகிதம் = (வீச்சுக் கொள்ளளவு + மிச்சக் கொள்ளளவு) ÷ மிச்சக் கொள்ளளவு

வீச்சுக் கொள்ளளவு என்பது பிஸ்டன் கீழிருந்து மேலே வரும்போது தள்ளும் இடம். மிச்சக் கொள்ளளவு ஓரிடத்தில் மட்டும் இருப்பதில்லை. ஹெட்டில் உள்ள எரியறை, நசுங்கிய நிலையில் கேஸ்கெட் உண்டாக்கும் இடைவெளி, மேல் முனையில் பிஸ்டனுக்கும் பிளாக்கின் முகத்துக்கும் இடையே உள்ள இடம், பிஸ்டன் தலையில் உள்ள குழி ஆகிய நான்கும் சேர்ந்தே அது உருவாகிறது. பிஸ்டன் தலை மேடாக இருந்தால் அந்த மேட்டின் கொள்ளளவைக் கூட்டாமல் கழிக்க வேண்டும். முதல் ரிங்குக்கு மேலே பிஸ்டனைச் சுற்றி ஒரு மெல்லிய சந்து உண்டு. சிறிய கார் இன்ஜினில் அது ஏறத்தாழ 0.3 சி.சி. அளவே வரும். பழைய ஹெட், புதிய ஹெட் இரண்டின் கணக்கிலும் அதை ஒரே மாதிரி விட்டுவிட்டால் ஒப்பீடு கெடாது.

ஆகவே, ‘இந்த ஹெட் ஒன்பது கம்ப்ரெஷன் ஹெட்’ என்று யாராவது சொல்லி விற்றால், அந்தச் சொல்லுக்குத் தனியாகப் பொருள் இல்லை. எந்தப் பிஸ்டனோடு, எந்தக் கேஸ்கெட்டோடு என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் விகிதம் என்ற எண் பிறக்கிறது. ஹெட்டுக்கென்று உரிய எண் அதன் எரியறைக் கொள்ளளவு ஒன்றே.

முதல் படி: வீச்சுக் கொள்ளளவு

போரையும் (சிலிண்டரின் உள்விட்டம்) ஸ்ட்ரோக்கையும் (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம்) மில்லிமீட்டரிலிருந்து சென்டிமீட்டருக்கு மாற்றிக்கொண்டால் விடை நேராக சி.சி.யில் வந்துவிடும்.

வீச்சுக் கொள்ளளவு = 0.7854 × போர் × போர் × ஸ்ட்ரோக்

இந்த வழிகாட்டி முழுவதும் மாருதி 800-இன் மூன்று சிலிண்டர் இன்ஜினையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். 1983 டிசம்பரில் வெளிவந்து 2014 வரை தயாரிக்கப்பட்ட அந்தக் கார் இன்னும் நம் தெருக்களில் ஓடுகிறது. அதன் ஹெட்டும் பழைய சாமான் கடைகளில் கிடைக்கிறது. போர் 68.5 மி.மீ., ஸ்ட்ரோக் 72 மி.மீ. என்பதால் 0.7854 × 6.85 × 6.85 × 7.2 = 265.34 சி.சி. இது ஒரு சிலிண்டருக்கு உரியது. மூன்றால் பெருக்கினால் 796 சி.சி. வருகிறது. கம்ப்ரெஷன் கணக்கில் எப்போதும் ஒரு சிலிண்டரின் அளவைத்தான் பயன்படுத்த வேண்டும், மொத்த சி.சி.யை உள்ளே கொண்டுவந்தால் கணக்கு முற்றிலும் பிசகிவிடும்.

போரிங் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டிருந்தால் உண்மையான போரை அளந்து எழுத வேண்டும். 0.5 மி.மீ. ஓவர்சைஸ் என்றால் போர் 69 மி.மீ. ஆகி, வீச்சுக் கொள்ளளவு 269.23 சி.சி. ஆகிறது. ஹெட்டைத் தொடாமலேயே இது விகிதத்தை ஏறத்தாழ 0.1 உயர்த்தும்.

இரண்டாம் படி: எரியறையை அளப்பது

முழுக் கணக்கின் துல்லியமும் இந்தப் படியைப் பொறுத்தது, அவசரப்பட வேண்டாம். தேவையானவை குறைவுதான்: பள்ளி ஆய்வுக்கூடச் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும் 50 மி.லி. பியூரெட் (அளவுக் கோடுகள் போட்ட கண்ணாடிக் குழாய்), அதை நிறுத்தும் ஸ்டாண்டு, எரியறையை முழுவதும் மூடும் அளவுக்கு 6 மி.மீ. தடிமனுள்ள அக்ரிலிக் தகடு, கொஞ்சம் கிரீஸ், சிறிது மண்ணெண்ணெய் அல்லது ஒயிட் ஸ்பிரிட். நீர்மட்டம் கண்ணுக்குத் தெரிய, டூ ஸ்ட்ரோக் ஆயில் இரண்டு சொட்டு விட்டால் நிறம் வந்துவிடும். பியூரெட் கிடைக்காவிட்டால் மருந்துக்கடை சிரிஞ்ச் கொண்டும் செய்யலாம், 20 மி.லி. சிரிஞ்சில் பெரும்பகுதியை ஊற்றி, கடைசிப் பகுதியை 1 மி.லி. சிரிஞ்சில் முடிக்க வேண்டும். வெறும் தண்ணீர் வேண்டாம். மூலைகளில் குமிழைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

வால்வு சீட் வெட்டுதல், கைடு மாற்றுதல், லேப்பிங் (வால்வைச் சீட்டோடு தேய்த்துப் பொருத்துவது) ஆகிய வேலைகள் எல்லாம் முடிந்த பிறகே அளக்க வேண்டும். சீட்டை வெட்டினால் வால்வு சற்று உள்ளே இறங்கி எரியறை பெரிதாகும். முன்னதாக எடுத்த அளவு வீணாகிவிடும். எரியறையில் ஒட்டியுள்ள கரியைச் சுத்தமாக நீக்கிவிட்டு, வண்டியில் போடப்போகும் அதே அளவு ஸ்பார்க் பிளக்கை வாஷரோடு இறுக்கிப் பொருத்துங்கள். வால்வுகளை ஸ்பிரிங்கோடு மாட்டி, சீட்டில் மெல்லிய கிரீஸ் பூசி மூடுங்கள்.

தகட்டில் எரியறையின் ஓரத்துக்கு நேராக வரும்படி 6 மி.மீ. துளை ஒன்றும், காற்று வெளியேற அதற்குப் பக்கத்தில் சிறு துளை ஒன்றும் போடுங்கள். ஹெட்டை எரியறை மேலே பார்க்கும்படி வைத்து, துளைகள் உள்ள பக்கம் மிகச் சிறிதளவு உயர்ந்திருக்கும்படி ஒரு மரச் சீவலைக் கீழே செருகுங்கள். எரியறையைச் சுற்றிய முகத்தில் கிரீஸை விரலால் படலம் போலத் தடவித் தகட்டை அழுத்துங்கள்; கிரீஸ் எரியறைக்குள் பிதுங்கினால் துடைத்துவிட்டு மறுபடி செய்யுங்கள். இனி பியூரெட்டைத் திறந்து விட, நிறமேறிய திரவம் தகட்டின் அடியில் ஒரு விளிம்பாகப் பரவிக்கொண்டே வருவது தெரியும். கடைசியில் ஒரு காற்றுக்குமிழ் துளைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். தகட்டை நகத்தால் மெல்லத் தட்டினால் அது துளை வழியே வெளியேறும். திரவம் துளையின் அடிவிளிம்பைத் தொட்ட அந்தக் கணத்தில் நிறுத்தி, பியூரெட்டைக் கண் மட்டத்தில் வைத்துப் படியுங்கள். துளைக்குள் திரவம் ஏறிவிட்டால் அதுவும் எரியறைக் கணக்கில் சேர்ந்துவிடும்.

படித்து முடித்ததும் இன்லெட், எக்ஸாஸ்ட் போர்ட்டுகளுக்குள் விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் வால்வு கசிகிறது. அந்த அளவைத் தள்ளிவிட்டு லேப்பிங்கைச் சரிசெய்ய வேண்டும். ஒரே எரியறையைத் திரும்பத் திரும்ப அளந்து, அளவுகள் 0.2 சி.சி.க்குள் ஒத்துவந்தால் மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு மற்ற இரண்டு எரியறைகளையும் அதேபோல அளக்க வேண்டும். மூன்றுக்கும் இடையே 0.5 சி.சி.க்கு மேல் வித்தியாசம் இருந்தால், ஒரு பக்கம் அதிகமாகச் சீவப்பட்டிருக்கிறது அல்லது வால்வுகள் வெவ்வேறு ஆழத்தில் உட்கார்ந்திருக்கின்றன என்று பொருள்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று தோன்றலாம். இந்த இன்ஜினில் அரை சி.சி. பிழை விகிதத்தை ஏறத்தாழ 0.1 மாற்றிவிடும், ஒரு சி.சி. பிழை 0.2 மாற்றும். பழைய புல்லட் 350-இல் போர் 70, ஸ்ட்ரோக் 90 மி.மீ., சிலிண்டர் 346 சி.சி.; சிலிண்டர் பெரிதாக இருப்பதால் அதே ஒரு சி.சி. பிழை அங்கே 0.16 அளவில்தான் தெரியும். சிலிண்டர் சிறுக்கச் சிறுக்கக் கை நிதானம் கூட வேண்டும்.

மூன்றாம் படி: கேஸ்கெட்

புதிய கேஸ்கெட்டின் தடிமனை அப்படியே எடுக்கக் கூடாது. இறுக்கிய பிறகு அது நசுங்கும். அதே தயாரிப்பின் பழைய கேஸ்கெட் கையில் இருந்தால், சிலிண்டர் ஓரத்து உலோக வளையத்தில் மைக்ரோமீட்டர் வைத்துப் பல இடங்களில் அளந்து சராசரி எடுங்கள். கேஸ்கெட்டின் துளை சிலிண்டர் போரைவிடப் பெரிதாக இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. போரை வைத்துக் கணக்கிட்டால் அளவு குறைந்துவிடும். துளை 70 மி.மீ., நசுங்கிய தடிமன் 1.2 மி.மீ. என்று கொண்டால் 0.7854 × 7 × 7 × 0.12 = 4.62 சி.சி.

இந்தக் கேஸ்கெட் அளவு முதல் எடுத்துக்காட்டில் வரும் போர், ஸ்ட்ரோக் தவிர்ந்த எண்கள் எல்லாம் கணக்கு விளங்குவதற்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் இன்ஜினில் அளந்த எண்களைத்தான் அந்த இடங்களில் போட வேண்டும்.

நான்காம் படி: பிஸ்டனும் பிளாக்கின் முகமும்

பிளாக்கின் முகத்தைச் சுத்தம் செய்து, டயல் கேஜை நிறுத்தி, பிஸ்டனை மேல் முனைக்குக் கொண்டுவாருங்கள். பிஸ்டன், அதைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் பின்னைச் சுற்றிச் சற்று ஆடும். ஆகவே பின் செல்லும் கோட்டுக்கு நேர் மேலேயே கேஜின் முனையை வைக்க வேண்டும். பிஸ்டனின் விளிம்பு பிளாக்குக்கு 0.1 மி.மீ. கீழே நின்றால், 0.7854 × 6.85 × 6.85 × 0.01 = 0.37 சி.சி. பிஸ்டன் மேலே எட்டிப் பார்த்தால் அந்த அளவைக் கழிக்க வேண்டும்.

பிஸ்டன் தலைக் குழியை அளக்க, பிஸ்டனின் விளிம்பு பிளாக்கின் முகத்துக்கு மிகச் சரியாக 10 மி.மீ. கீழே நிற்கும்படி இறக்குங்கள். சுற்றியுள்ள சந்தைக் கிரீஸால் அடைத்து, அதே தகட்டைப் பிளாக் மீது வைத்துத் திரவம் நிரப்புங்கள். தலை தட்டையாக இருந்திருந்தால் 36.85 சி.சி. பிடிக்க வேண்டும். 41.85 பிடித்தால் மிகுதி 5 சி.சி. குழியின் கொள்ளளவு. குறைவாகப் பிடித்தால் தலையில் மேடு இருக்கிறது.

ஐந்தாம் படி: கூட்டி வகுப்பது

கேஸ்கெட் 4.62, முக இடைவெளி 0.37, பிஸ்டன் குழி 5.00 ஆகிய மூன்றும் சேர்ந்து 9.99 சி.சி. ஹெட் மாறினாலும் இது மாறாது. இதைத் தனியே குறித்து வையுங்கள்.

பழைய ஹெட்டின் எரியறை 25 சி.சி. என்றால் மிச்சக் கொள்ளளவு 34.99. வீச்சுக் கொள்ளளவு 265.34-ஐ அதனால் வகுத்து 1 கூட்டினால் 8.58. வாங்கி வந்த ஹெட்டின் எரியறை 22.4 சி.சி. என்றால் மிச்சக் கொள்ளளவு 32.39, விகிதம் 9.19. பார்வைக்கு இரண்டு ஹெட்டும் ஒன்றுபோலவே இருந்தாலும், இரண்டாவது ஏற்கெனவே யாரோ சீவிய ஹெட் என்பதை இந்த எண்களே காட்டிவிடுகின்றன. பேரம் முடியும் முன் கடையிலேயே தகட்டையும் சிரிஞ்சையும் வைத்து ஓர் எரியறையை அளந்து பார்க்க முடிந்தால், அந்த ஹெட்டை அங்கேயே விட்டுவிட்டு வரலாம்.

இதே கணக்கைத் தலைகீழாகவும் செய்யலாம். வேண்டிய விகிதம் 8.7 என்றால், மிச்சக் கொள்ளளவு = வீச்சுக் கொள்ளளவு ÷ (விகிதம் − 1) = 265.34 ÷ 7.7 = 34.46. அதிலிருந்து 9.99-ஐக் கழித்தால் எரியறை 24.47 சி.சி. இருக்க வேண்டும். ஹெட் தேடிப் போகும்போது கையில் இருக்க வேண்டிய எண் இதுதான்.

ஆறாம் படி: ஃபேஸிங் எவ்வளவு தாங்கும்

வளைவை நேர்ப்பட்டையும் ஃபீலர் கேஜும் கொண்டு நீளவாக்கிலும் மூலைவிட்டமாகவும் பாருங்கள். இவ்வளவு சிறிய ஹெட்டுக்கு 0.05 மி.மீ. என்ற எல்லையை வைத்துக்கொள்வது நல்லது. அதற்கு மேல் போனால் ஃபேஸிங் தேவை. எவ்வளவு என்பதுதான் கேள்வி.

எரியறையைச் சுற்றிய முகத்தில் ஸ்டாம்பு மை தடவி, கிராஃப் தாளை அழுத்தி எடுத்தால் எரியறை வாயின் உருவம் பதியும். உள்ளே உள்ள கட்டங்களை எண்ணுங்கள். பரப்பு 26 சதுர சென்டிமீட்டர் என்று வந்தால், 0.1 மி.மீ. சீவும்போது 0.26 சி.சி. குறையும். சுவர்கள் சரிவாக இருப்பதால் ஆழம் கூடக்கூட இந்தக் கணக்கு சற்று விலகும். ஒரு மில்லிமீட்டருக்குள் இது போதுமான துல்லியம் தரும்.

வாங்கி வந்த ஹெட்டில் 0.3 மி.மீ. சீவ வேண்டியிருந்தால் 0.78 சி.சி. போய், எரியறை 21.62 ஆகும். மிச்சக் கொள்ளளவு 31.61, விகிதம் 9.39. தொடக்கத்தில் இருந்த 8.58-லிருந்து இது 0.8 மேலே. பட்டறைக்காரரிடம் ‘பளபளவென்று வர ஒரு கட் போடுங்கள்’ என்று சொல்லாமல், எத்தனை மி.மீ. வரை போகலாம் என்பதை எழுதிக் கொடுங்கள். கவனமான லேத்காரர்கள் அப்படி எழுதித் தருபவரை விரும்புவார்கள். அவர்களுக்கும் பொறுப்பு தெளிவாகிறது. வேலை முடிந்து வந்ததும் எரியறைகளை மறுபடி அளக்க வேண்டும்.

ஏழாம் படி: விகிதம் கூடிவிட்டால்

அதிக விகிதம் நல்லதுதானே, இழுவை கூடுமே என்று கேட்பவர்கள் உண்டு. எரிபொருள் சிக்கனமும் இழுவையும் கூடுவது உண்மை. ஆனால் எரியறையில் வெப்பமும் அழுத்தமும் கூடி, பிளக் மூட்டிய தீ பரவி முடிவதற்குள் ஓரத்தில் உள்ள கலவை தானாகவே வெடிக்கத் தொடங்கும். அதுதான் நாக்கிங். கார்பரேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் உள்ள பழைய இன்ஜினில் அதை உணர்ந்து, பிளக் தீ மூட்டும் நேரமான டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும் சென்சார் கிடையாது. நாம் இருப்பது கடல் மட்டத்தில். காற்று அடர்த்தியாக சிலிண்டரை நிரப்பும். அக்னி நட்சத்திர வெயிலில் உள்ளே போகும் காற்றும் சூடாக இருக்கும். மலையூரில் சத்தமின்றி ஓடும் விகிதம் இங்கே நாக்கிங் அடிக்கலாம். விலை குறைவென்று கடலூரிலிருந்து எல்லை தாண்டிப் புதுச்சேரியில் பெட்ரோல் போடுபவர்களுக்கும் ஆக்டேனில், அதாவது பெட்ரோல் நாக்கிங்கைத் தாங்கும் அளவில், இதனால் எந்த மாற்றமும் கிடைக்காது. சாதாரண பெட்ரோலின் ஆக்டேனையே கணக்கில் வைத்து, பழைய இன்ஜினைத் தயாரிப்பாளர் குறித்த விகிதத்தின் பக்கத்திலேயே நிறுத்துவது பாதுகாப்பு.

கூடிய விகிதத்தைக் குறைக்கத் தடிமனான கேஸ்கெட் போடுவது பரவலான வழி. நம் எடுத்துக்காட்டில் 1.2-க்குப் பதில் 1.6 மி.மீ. போட்டால் 1.54 சி.சி. கூடி, விகிதம் 9.39-லிருந்து 9.00-க்கு இறங்கும். எண்ணைப் பார்த்தால் சரியாகத் தெரிகிறது. ஆனால் ஹெட்டின் தட்டையான ஓரம் பிஸ்டன் விளிம்பை நெருங்கும் ஸ்குவிஷ் இடைவெளி 1.3-லிருந்து 1.7 மி.மீ. ஆகிவிடுகிறது. அந்தக் குறுகிய இடைவெளிதான் கலவையை நடுவே பிதுக்கிக் கலக்கி, வேகமாக எரிய வைக்கிறது. அது அகன்றால் கலவை சோம்பலாக எரியும், நாக்கிங் எதிர்பார்த்த அளவு குறையாது. விகிதம் குறைந்தும் சத்தம் போகவில்லையே என்று குழம்புபவர்கள் இங்கேதான் பார்க்க வேண்டும். ஸ்குவிஷை நேரில் அறிய, பிஸ்டனின் விளிம்பில் பின் செல்லும் கோட்டில் ஈயக் கம்பித் துண்டுகளைக் கிரீஸால் ஒட்டி, ஹெட்டை இறுக்கி, இன்ஜினைக் கையால் ஒரு சுற்று சுற்றிவிட்டு, நசுங்கிய கம்பியை அளந்தால் போதும்.

எரியறையின் உட்சுவரைச் சீராகத் தேய்த்து ஒரு சி.சி. வரை சேர்ப்பது திறமையான கைக்கு இயலும். பிளக்கைச் சுற்றியும் வால்வு ஓரத்திலும் உள்ள கூர்முனைகளை மழுங்கடிப்பது தனியாகவே நாக்கிங்கைக் குறைக்கும். நம் எடுத்துக்காட்டில் 8.7 விகிதத்துக்கு வரத் தேவைப்படுவது 2.85 சி.சி. அவ்வளவைத் தேய்த்து எடுக்க முயன்றால் தண்ணீர்ப் பாதை வரை சுவர் மெலிந்துவிடும். அந்த ஹெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு பார்ப்பதுதான் என் பரிந்துரை.

விகிதத்துக்கு அப்பால் மாறுபவை

வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு ஹெட்டிலேயே உள்ள பெல்ட் இன்ஜினில், ஹெட் தாழும்போது கேம் கிராங்கை நெருங்கி வால்வு டைமிங் சற்றுப் பின்தங்கும். 0.3 மி.மீ. அளவுக்கு அது ஏறத்தாழ ஒரு டிகிரிக்குள் அடங்கும். ஒரு மில்லிமீட்டரை எட்டினால் கவனிக்கத்தான் வேண்டும். பழைய அம்பாசிடரில் உள்ளது போன்ற, பிளாக்கில் உள்ள கேம் தண்டுகள் வழியே வால்வைத் தள்ளும் புஷ்ராட் இன்ஜினில் டைமிங் மாறாது, ஆனால் ராக்கர் கோணமும் டேப்பெட் இடைவெளியும் மாறும். இரண்டிலும் வால்வு பிஸ்டனை நெருங்குகிறது. பிஸ்டன் மீது மாவுக் களிமண் வைத்து, ஹெட்டை இறுக்கி, இரண்டு சுற்று சுற்றிவிட்டுக் களிமண்ணை வெட்டி அளந்தால், இன்லெட் பக்கம் 2 மி.மீ., எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 மி.மீ. மிஞ்ச வேண்டும் என்பது பொதுவான வரம்பு.

கம்ப்ரெஷன் கேஜ் காட்டும் அழுத்தத்திலிருந்து விகிதத்தைக் கண்டுபிடிக்க முயல வேண்டாம். இன்லெட் வால்வு மூடும் நேரம், ஸ்டார்ட்டரின் வேகம், ரிங்கின் தேய்மானம், அழுத்தும்போது காற்றே சூடாவது எல்லாம் அந்த எண்ணில் கலந்திருக்கின்றன. சிலிண்டர்களைத் தங்களுக்குள் ஒப்பிட்டுப் பார்க்க அது நல்ல கருவி.

டூ ஸ்ட்ரோக் வண்டிக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் எக்ஸாஸ்ட் போர்ட் மூடிய பிறகு மிஞ்சும் வீச்சை மட்டும் கொண்டு விகிதத்தைக் குறிப்பிடுவது வழக்கம். முழு ஸ்ட்ரோக்கில் கணக்கிட்டுவிட்டு அந்த எண்ணோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் தெரியும். கடலூர் முதுநகர் துறைமுகத்துப் படகுகளின் டீசல் இன்ஜினுக்கும் வாய்பாடு இதுவே. அங்கே எரியறை பெரும்பாலும் பிஸ்டனில் இருப்பதால், கணக்கு ஹெட்டைவிடப் பிஸ்டன் எட்டிப் பார்க்கும் உயரத்தையும் வால்வின் ஆழத்தையும் கேஸ்கெட்டின் தடிமனையும் சார்ந்து நிற்கும்.

பொருத்திய பின்

நட்டுகளைக் கையேட்டு வரிசைப்படி, டார்க் ரென்ச்சால், நடுவிலிருந்து வெளியே பல சுற்றுகளாக இறுக்குங்கள். ரேடியேட்டரில் கூலன்டை, உப்பில்லாத காய்ச்சி வடித்த நீரில் கலந்தே ஊற்றுங்கள். இக்னிஷன் டைமிங்கைத் தயாரிப்பாளர் குறித்தபடி வைத்து, இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு, நண்பகல் வெயிலில் கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஆளில்லாத நேர்ப்பகுதி ஒன்றில் நான்காம் கியரில் 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அழுத்திப் பாருங்கள். கிணுகிணு என்ற உலோகச் சத்தம் எழுந்தால் உடனே காலை எடுத்துவிட்டு, டைமிங்கை இரண்டு டிகிரி பின்னுக்குத் தள்ளி மறுபடி பாருங்கள். நான்கு டிகிரிக்கு மேல் தள்ளியும் சத்தம் நிற்காவிட்டால், அளவுகளில் ஒன்று தவறாக இருக்கிறது. ஈயக் கம்பி அளவிலிருந்து தொடங்கித் திரும்பச் சரிபாருங்கள். சத்தம் இல்லையென்றால் எரியறை, கேஸ்கெட், முக இடைவெளி, பிஸ்டன் குழி, இதுவரை சீவிய மொத்த அளவு ஆகிய ஐந்தையும் இன்ஜின் எண்ணோடு எழுதி ஆர்.சி. புத்தகத்தோடு வைத்துவிடுங்கள், அடுத்த முறை ஹெட் இறங்கும்போது லேத்காரர் முதலில் கேட்க வேண்டியவை அவைதான்.